ரெஜிஸ்டர் தள்ளிய சிலந்தி

என் தாய்மாமா சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டியவர். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை என்று எது ஓடினாலும் முதலில் வரும் தாள்கள் வீண் தாள்தான். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு தட்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை தாளை உருவி உருவிப் பார்ப்பார். மூலையில் இருக்கும் கூட்டல் குறி ஒற்றைக் குறியாகத் தெரிந்தால் சரி. இரட்டையாகத் தெரிந்தால், "ரெஜிஸ்டர் தள்ளியிருக்கு" என்று மெஷினை நிறுத்திவிடுவார். கோடை விடுமுறையில் அந்த வீண் தாள்கள்தான் எனக்கு விளையாட்டுச் சாமான். முருகனுக்கு உதடு ஓரிடம், உதட்டுச் சிவப்பு வேறிடம்.

காமிக்ஸ் பைத்தியம் பிடித்ததும் அதே வீட்டில்தான். 1972இல் ஆரம்பித்த முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயனும் அந்த ஊர்ச் சரக்குதானே. முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைக் கறுப்பு வெள்ளையில் படித்துப் பழகியவனுக்கு எப்போதாவது கலர் பக்கம் கிடைத்தால் தீபாவளிதான். ஒருநாள் மாமா தன் லென்ஸைக் கொடுத்து, ஒரு கலர் படத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். முகத்தைக் காணோம். புள்ளிகள்தான் இருந்தன, விதவிதமான அளவில், நாலு நிறத்தில். நாயகனின் கன்னம் என்று நான் நினைத்திருந்தது சிவப்பும் மஞ்சளுமாகத் தூவிய புள்ளிக் கூட்டம். அன்று முதல் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கதைக்கு முன்னால் அச்சைப் பார்க்கும் வியாதி வந்துவிட்டது.

இவ்வளவு பீடிகை எதற்கு என்றால், 2023 ஜூனில் என் மகளோடு 'ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' பார்த்த கதையைச் சொல்லத்தான். இந்தியாவில் பத்து மொழிகளில் வெளியிட்டார்கள். நாங்கள் தமிழில் பார்த்தோம். 2018இல் வந்த முதல் பாகத்தை அவள் மடிக்கணினியில் பார்த்திருந்தாள். நான் பார்த்திருக்கவில்லை. அனிமேஷன் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று எனக்கு ஓர் இளக்காரம்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. மகள் காதருகே வந்து, "அப்பா, இது 3டி படமா? கண்ணாடி தரவே இல்லையே" என்றாள். பின்னால் இருந்த கட்டடங்களின் ஓரத்தில் சிவப்பு ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமும் பிதுங்கி நின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணாடி வேண்டாம்மா, ரெஜிஸ்டர் தள்ளியிருக்கு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க அது நேரமும் இல்லை.

ஆனால் அதுதான் விஷயம். சாதாரணப் படத்தில் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸை வைத்து மங்கலாக்குவார்கள். இவர்கள் நிறத் தட்டை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். எந்தத் தவறு வரக்கூடாது என்று மாமா ஆயுசு முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டினாரோ, அந்தத் தவறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை மெனக்கெட்டு வரவழைத்திருக்கிறார்கள்! நிழல் விழும் இடங்களில் புள்ளிகள். முகத்தை அருகில் காட்டும்போதும் புள்ளிகள். லென்ஸே தேவையில்லாமல், அந்தப் பழைய கன்னம் நாற்பதடித் திரையில் தெரிந்தது. கொஞ்சம் கண் கலங்கியது உண்மைதான். மகளிடம் ஏசி காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

படத்தில் பல உலகங்கள், உலகத்துக்கு ஒரு ஸ்பைடர்மேன்; நாயகன் மைல்ஸ் என்ற பையன். ஒவ்வொரு உலகத்துக்கும் ஒவ்வொரு தாள், ஒவ்வொரு மை. அவன் தோழி க்வென் வரும் உலகம் வாட்டர் கலர். அவளுக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம் முற்றும்போது பின்னால் சுவரின் நிறம் கரைந்து வழிகிறது. டாவின்சி காலத்துப் பழுப்புக் காகிதத்தில் வரைந்தது போல ஒரு கழுகு வில்லன். ஹோபி என்ற பங்க் பையனைச் செய்தித்தாளில் கத்தரித்து ஒட்டினதுபோல் செய்திருக்கிறார்கள். அவன் உடம்பு ஒரு வேகத்தில் அசைந்தால் கிடார் வேறொரு வேகத்தில் அசைகிறது. ஸ்பாட் என்ற வில்லன் மை சிந்திய வெள்ளைத் தாள் போல இருக்கிறான். 1980களில் காமிக்ஸில் வந்த சிரிப்பு வில்லன் அவன், யாரும் மதிக்க மாட்டார்கள். இங்கேயும் பெட்டிக்கடை அளவுள்ள ஒரு கடையில் ஏடிஎம் திருடிக்கொண்டுதான் அறிமுகமாகிறான். போகப்போக அந்தக் கறை பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்து வயிற்றைக் கலக்கிவிட்டது.

அப்புறம் மும்பாட்டன். மும்பையும் மன்ஹாட்டனும் சேர்ந்த ஊர், கட்டடத்தின் மேல் கட்டடம். அங்கே பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன். தியேட்டரில் அதற்குத்தான் விசில். எனக்கு இவன் பழைய ஆள். 2004இல் 'ஸ்பைடர்மேன் 2' வந்த சமயத்தில் நம் நாட்டில் வெளியிட்ட ஆங்கிலக் காமிக்ஸில் வேட்டி மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு தாவினானே, அவனேதான். ஒரு யோகி கொடுத்த சக்தி, நான்கே இதழ், அதோடு சரி. எனக்கு அப்போது பிடிக்கவே இல்லை. அசல் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரைப் பவித்ர் பிரபாகர் ஆக்கியதே வாத்தியார் ரோல் கால் எடுத்ததுபோல் இருந்தது. இந்தப் படத்தில் அவனைத் துறுதுறுவென்று மாற்றியிருக்கிறார்கள். அந்த ஊரின் வண்ணத்தை 1970களின் இந்திரஜால் காமிக்ஸைப் பார்த்து எடுத்ததாகப் பிறகு படித்தேன். படிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்தது என்று பெருமையடித்துக்கொள்ள ஆசை. ஆனால் தெரியவில்லை. எங்கேயோ பார்த்த காவியாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

அந்த ஊரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பாலம் இடிகிறது. போலீஸ் இன்ஸ்பெக்டர் சிங் ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஓடுகிறார், மேலிருந்து இடிபாடு விழுகிறது. எனக்கு இது 1970ஆம் வருடத்துக் காட்சி. பழைய ஸ்பைடர்மேன் காமிக்ஸில் வரும் போலீஸ் அதிகாரி கேப்டன் ஸ்டேசி, 90ஆவது இதழ். குழந்தையைத் தள்ளிவிட்டுத் தான் இடிபாட்டில் சிக்கிச் சாவார். "இவர் அவுட்" என்று மகளிடம் சொன்னேன். அவள் முறைத்தாள். அவ்வளவுதான், மைல்ஸ் பாய்ந்து அவரைக் காப்பாற்றிவிட்டான். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

எனக்கு எரிச்சல். உண்மையாகவே எரிச்சல். அவர் செத்திருக்க வேண்டும், அதுதானே கதை? இப்படி இஷ்டத்துக்கு மாற்றினால் எப்படி என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஸ்பைடர்மேன்களுக்கெல்லாம் தலைவனான மிகேல் ஓ'ஹாரா வந்து அதையே சொல்கிறான். ஒவ்வொரு ஸ்பைடர்மேன் கதையிலும் ஒரு போலீஸ் அதிகாரி சாக வேண்டும், அதுதான் விதி, மாற்றினால் உலகமே கிழிந்துவிடும் என்கிறான். கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு, மைல்ஸை ரயில்மேல் போட்டு அமுக்கிக்கொண்டு சொல்கிறான். நான் சீட்டில் நெளிந்தேன். என்னைத்தான் வில்லனாக வைத்திருக்கிறார்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு படத்துக்கும் "காமிக்ஸில் இப்படி இல்லையே" என்று தொண்டை கிழியக் கத்தியவனுக்குக் கோரைப்பல் வைத்து எதிரே நிறுத்திவிட்டார்கள்.

மைல்ஸைக் கடித்த சிலந்தியே வேறொரு உலகத்திலிருந்து வந்தது, அவன் ஸ்பைடர்மேன் ஆகியிருக்கவே கூடாது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான் மிகேல். அதாவது அந்தப் பையனே தட்டு நகர்ந்து விழுந்த தாள். வண்ணம் விலகியதற்குக் கண் கலங்கிய நான், கதை விலகியதற்கு எப்படிக் கோபப்பட்டேன் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படிப் படமே திருப்பி அடித்த அனுபவம் உண்டா? சொல்லுங்கள்.

*

எனக்கு இல்லை சார், என் அப்பாவுக்கு நடந்தது. அவர் கண்டக்டர். லயன் காமிக்ஸை எனக்கு வாங்குவதாகச் சொல்லித் தனக்கு வாங்கியவர். அவருக்கு ஸ்பைடர் என்றால் ஒரே ஸ்பைடர்தான்: கூர்க்காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார், கூடவே கூட்டாளிகள் பெல்ஹாமும் ஆர்டினியும். குற்றச் சக்கரவர்த்தி. அது பிரிட்டிஷ் காமிக்ஸ், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அதற்குக் கதை எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் எனக்கே பின்னால்தான் தெரியும்.

2004இல் 'ஸ்பைடர்மேன் 2' வந்தபோது "ஸ்பைடர் படம்பா" என்று கூட்டிக்கொண்டு போனேன். பீட்டர் பார்க்கரைப் பார்த்து, "யாருடா இந்தப் பயல், பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறான்?" என்றார். வாடகை பாக்கி, வேலை போச்சு, காதலியும் கையை விட்டுப் போகிறாள். அப்பாவுக்குத் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் நான்கு இரும்புக் கைகளோடு சுவர் ஏறினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவன்தாண்டா நம்ம ஸ்பைடர்." அதற்கப்புறம் படம் முழுக்க அவர் ஆக்டோபஸ் கட்சி. பேங்க் கொள்ளைக்கு அவர் ஒருத்தர்தான் கைதட்டினார்.

நானோ வேறு உலகத்தில் இருந்தேன். பார்க்கர் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மழையில் நடக்கிற காட்சி. 1967இல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸ் 50ஆவது இதழில் ஜான் ரொமிட்டா வரைந்த பக்கத்தை அப்படியே எடுத்து வைத்திருந்தார் டைரக்டர் சாம் ரைமி. பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாமல் கிடைத்த ஒரு மறுபதிப்பில் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். "அப்பா, இது புத்தகத்துல இருக்கு" என்றேன். "லயன்லயா?" என்றார். என்ன பதில் சொல்வது?

ரயில் காட்சியில்தான் அப்பா கொஞ்சம் கட்சி மாறினார். ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுகிற பையனை உள்ளே இருக்கிற ஜனங்கள் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றி, தேரிலிருந்து உற்சவரை இறக்குவது போல மெதுவாகக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்களே, அங்கே. முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து ஒருத்தர், சின்னப் பையன் போலிருக்கிறானே என்பார். அப்பா அப்போது ஒன்றும் பேசவில்லை. அவரும் வண்டியில் நின்று பிழைத்தவர்தானே.

கடைசியில் ஆக்டோபஸ் மனம் மாறித் தன் மெஷினோடு ஆற்றில் மூழ்குகிறார். வெளியே வந்து டீ குடிக்கும்போது அப்பா சொன்னார்: "திருந்திட்டான் பாத்தியா? ஸ்பைடரும் இப்படித்தான். முதல்ல திருடன், அப்புறம் நல்லவன்." கடைசிவரை அவர் கணக்கில் ஆக்டோபஸ்தான் ஹீரோ. நான் திருத்தவில்லை.

*

ராணி காமிக்ஸ் கோஷ்டி சார்பாக நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் மாயாவி என்றால் முகமூடி வீரர் மாயாவி. பக்கத்து வீட்டில் அவரையே வேதாளர் என்பார்கள். அதற்கே அடிதடி. முதலில் எழுதியவர் சொல்லும் இரும்புக்கை மாயாவி மூன்றாவது ஆள். இப்படி வளர்ந்த எனக்கு ஒரே படத்தில் இத்தனை ஸ்பைடர்மேன்கள் வந்தது குழப்பமாகவே இல்லை!

ஆனால் கடைசியில் 'தொடரும்' என்று போட்டார்களே, அண்ணா. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபிறகு! என் பையன் "என்னம்மா இது?" என்று எழுந்தே நின்றுவிட்டான். தியேட்டரில் யாரோ "காசைத் திருப்பிக் குடுங்கப்பா" என்றார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த இதழ் எப்போது வரும் என்று பேப்பர்கடை அண்ணாச்சியிடம் மாதக்கணக்கில் நடந்தவள் நான். 2024 மார்ச்சில் அடுத்த பாகம் என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது. இப்போது பையனும் என்னைப் போலவே தேதி கேட்டுக்கொண்டு திரிகிறான்.

*

கண்டக்டர் அப்பாவுக்கு என் வணக்கம். பேங்க் கொள்ளைக்குக் கைதட்டியதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். தங்கைக்கு: எங்கள் தியேட்டரிலும் அதே கூச்சல்தான். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், பழக்கதோஷம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து. பொங்கலுக்குப் போனபோது என் மகள் தன் போனில் அந்தப் படத்தின் காட்சி ஒன்றை நிறுத்திக் காட்டினாள். மைல்ஸ் கட்டட விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் ஊர். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"சிவப்புத் தட்டு தள்ளியிருக்கே" என்றார். "யாருப்பா மெஷின்ல?"