பனியில் லைட்வெயிட் டென்ட்: மறக்க முடியாத ஓர் இரவு உண்டா?

நடைக்காரன்

உத்தராகண்டின் கேதார்கந்தா மலை, ஜனவரி. சாங்க்ரியிலிருந்து ஏறி ஜூடா கா தலாப் பக்கத்தில் முதல் இரவு. டென்டை நாங்களே சுமந்து போனோம். ட்ரெக்கிங் போலை, அதாவது நடைக்கம்பை, ஊன்றி நிறுத்துகிற வகை, இரண்டு பேருக்கு, ஒரு கிலோ சொச்சம், உள்ளறை முழுக்க வலை. இங்கே பாதிப் பேரிடம் இருப்பதுதான், விளக்க வேண்டியதில்லை.

மாலையே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. முளை எதுவும் நிற்கவில்லை, அடித்த கையோடு உருவிக்கொண்டு வந்தது. கூட வந்த சாங்க்ரி வழிகாட்டி அண்ணன் ஒன்றும் பேசாமல் எல்லா முளையையும் பிடுங்கி என் கையில் கொடுத்தார். காட்டில் கிடந்த முழ நீளக் குச்சிகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றிலும் கயிற்றைக் கோத்து, ஓர் அடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்து, மேலே பனியைத் தள்ளி மிதித்தார். “ஆதா கண்டா” என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அரை மணி கழித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

ஆனால் எனக்கு இன்றுவரை உறுத்துவது அது இல்லை. நள்ளிரவுக்கு மேல் காற்று கிளம்பியது. வெளித்துணிக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் புகுந்து, பனித்தூளை அள்ளி, வலை வழியாக அரிசி மாவு சலிப்பது மாதிரி முகத்தில் சலித்தது. டென்ட் கொஞ்சமும் ஆடவில்லை, ஆனால் ஸ்லீப்பிங் பேக் மேல் விரற்கடை அளவுக்குப் பனி. வலை உள்ளறையோடு இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஸ்காட்லாந்துவாசி

ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம்ஸ் மலைகள், பிப்ரவரி. இங்கே திறந்த வெளிகளில் பெரும்பாலும் எங்கு வேண்டுமானாலும் டென்ட் போடலாம், 2003 நிலச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. போட்ட டென்ட் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது.

விடிந்தும் விடியாத நேரம். அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தோம். மேலே சரிவிலிருந்து ஒரு பச்சை டென்ட் உருண்டு வந்தது. டென்டின் கம்பி உடைந்து துணியைக் கிழித்துக்கொண்டு நீட்டியிருந்தது. உள்ளே ஆள் இருப்பாரோ என்று பதறி ஓடி, மேலே விழுந்து அமுக்கிப் பிடித்தோம். ஸ்லீப்பிங் பேக் இருந்தது. பூட்ஸ் இரண்டும் இருந்தன. ஆள் இல்லை.

கால் மணி நேரம் கழித்து உரியவர் வந்தார். காலில் வெறும் சாக்ஸ், முழங்கால் வரை பனி. ஒரு கயிறு தளர்ந்திருக்கிறது, இறுக்கிவிட்டு வரலாம் என்று ஒரு நிமிடம் வெளியே இறங்கியிருக்கிறார். அதுவரை டென்டைப் பிடித்து வைத்திருந்தது அவருடைய உடல் எடைதான் போல. அந்தச் சாக்ஸ் காலை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

கிராம் கணக்கு

நடைக்காரன் சகோ, டென்ட் மேல் தப்பில்லை. நான் ஸ்பிதியில் நவம்பரில் அதே வகையில் படுத்திருக்கிறேன், ஒரு தூள்கூட உள்ளே வரவில்லை. வெளித்துணியின் ஓரத்தைத் தரையோடு ஒட்ட இறக்கி, காற்று வரும் பக்கம் முட்டி உயரத்துக்குப் பனிச்சுவர் எழுப்ப வேண்டும். ஒரு சின்ன மண்வெட்டி இருந்தால் போதும். இரண்டரைக் கிலோ எக்ஸ்பெடிஷன் டென்டை எல்லாரும் முதுகில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

இன்னும் சில விஷயங்கள், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். டென்ட் போடும் முன் இடத்தை மிதித்துச் சமப்படுத்தி அரை மணி விட்டுவிடுங்கள், பனி தானாக இறுகும். இல்லாவிட்டால் இடுப்பு இருக்கும் இடம் இரவில் குழியாகிவிடும். காற்றுத் திறப்பை எவ்வளவு குளிரானாலும் மூடாதீர்கள். ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் கால் லிட்டருக்கு மேலே இருக்கும். அது வெளியேற வழியில்லை என்றால் துணியின் உட்புறம் உறைபனியாகப் படியும், விடியற்காலையில் லேசாகத் தட்டினாலும் மேலே கொட்டும். டென்ட் உங்களைச் சூடாக வைக்காது, காற்றைத் தடுக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சூடு என்பது அடியில் விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டில் இருக்கிறது. குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஆர் மதிப்பு ஐந்துக்குக் குறையாமல் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும், அதனால் காற்றடைக்கும் மேட்டுக்கு அடியில் ஒரு ஃபோம் மேட் போடுங்கள், பஞ்சரானாலும் கை கொடுக்கும். துணியைப் பொறுத்தவரை, சிலிகான் நைலான் ஈரம் பட்டால் நெகிழும், படுக்கும் முன் ஒருமுறை கயிறுகளை இழுத்துக் கட்டணும். டைனீமா நெகிழாது, ஆனால் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மதுரைக்காரி

நான் சொல்ல வந்தது வேறு. உத்தராகண்டின் பிரம்மதால், டிசம்பர் கடைசி. லோஹாஜங்கில் இருந்து குழுவாகப் போனோம். டென்டெல்லாம் நல்ல கெட்டி டென்ட்தான், கிராம் கணக்கு சார் கேலி செய்கிற எடை.

பக்கத்து டென்டில் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர். சாப்பாட்டுக்கு அப்புறமும் பசி என்று உள்ளேயே அடுப்பு வைத்து மேகி கிண்டிக்கொண்டிருந்தார்கள். குளிருக்கு ஜிப்பை முழுக்கப் பூட்டி, கீழே இருந்த இடைவெளியையும் பனியைப் போட்டு அடைத்திருந்தார்கள். முதலில் ஒரே சிரிப்புச் சத்தம். அப்புறம் சத்தம் அடங்கியது. தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் துணிக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. நீலமாக இல்லை, மஞ்சளாக அலைந்துகொண்டிருந்தது. அதுதான் என்னை எழுப்பியது.

நான் போய் ஜிப்பைத் திறந்தபோது ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாமவன் வாந்தி வருகிறது என்றான். மூன்றாவது பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கன்னத்தில் தட்டியும் கண் திறக்கவில்லை. காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் “என்ன அக்கா” என்றான். அந்த ‘என்ன அக்கா’ வரும்வரை எனக்கு உயிரே இல்லை. காற்று போதாமல் எரியும் அடுப்பு கக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது தம்பிகளா. மலை ஏறியதால் வரும் தலைவலி என்றுதான் அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

கிராம் கணக்கு சார், நீங்கள் ஓரத்தைத் தரையோடு ஒட்ட இறக்கச் சொல்கிறீர்கள். மேலே திறப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். கீழே கொஞ்சம் இடைவெளியும் மேலே திறப்பும் சேர்ந்தால்தான் காற்று ஓடும்.

கிராம் கணக்கு

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. திறப்பை மூடக் கூடாது என்று எழுதியிருக்கிறேன், ஆனால் அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். பியூட்டேன் மட்டும் உள்ள கேஸ் டப்பா கடல்மட்டத்தில் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. வெளியே அடுப்பு எரியவில்லை என்று பையன்கள் உள்ளே தூக்கிப் போவது அதனால்தான். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த டப்பா வாங்கினால் வெளியிலேயே எரியும்.

பனங்காட்டான்

நடைக்காரன், புதைத்த குச்சியைக் காலையில் எப்படி எடுத்தீர்கள்? நான் ஒருமுறை கயிற்றையே அறுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம், பனிச்சுவர், மண்வெட்டி என்று பேசுகிறார்களே, உத்தராகண்டில் நாம் பெரும்பாலும் படுப்பது காட்டுக்குள். 2018இல் உயர் நீதிமன்றம் புக்யால் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை போட்டது, அதற்குப் பிறகு முகாம்கள் மரங்களுக்கு நடுவே வந்துவிட்டன. காற்று குறைவுதான். ஆனால் கிளையில் சேர்ந்த பனி மொத்தமாக விழும். எங்கள் டென்டின் தலைமாட்டில் விழுந்து கம்பி வளைந்தது, மயிரிழையில் தப்பித்தோம். முதலில் மேலே பாருங்கள், அப்புறம் தரையைப் பாருங்கள்.

நடைக்காரன்

கயிற்றைக் குச்சியில் முடிச்சுப் போடக் கூடாது. சுற்றி வளைத்து இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து, மேலேதான் கட்ட வேண்டும். காலையில் முடிச்சை அவிழ்த்து ஒரு முனையை இழுத்தால் கயிறு வந்துவிடும், குச்சி பனிக்குள்ளேயே கிடக்கட்டும். அந்த அண்ணன் செய்தது அப்படித்தான். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் முளை விளம்பரத்தில் காசைக் கொட்டுகிறோமே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

தென்துருவப் பிரியன்

ஸ்காட்லாந்துவாசி சொன்னதைப் படித்ததும் கேப் குரோஷியர் ஞாபகம் வந்துவிட்டது. 1911 ஜூலை, அண்டார்டிகாவின் நடுக்குளிர்காலம், முழு இருட்டு. எம்பரர் பெங்குயின் முட்டை தேடிப் போன வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரின் டென்டும் புயலில் பறந்துவிட்டது. டென்ட் இல்லாமல் திரும்பி நடக்க முடியாது, அது அவர்களுக்கே தெரியும். புயல் ஓய்ந்த பிறகு தேடிப் போய், சரிவுக்குக் கீழே கண்டுபிடித்தார்கள். அதன்பின் பவர்ஸ் டென்டிலிருந்து ஒரு கயிற்றைத் தன்னோடு கட்டிக்கொண்டு படுத்தாராம். டென்ட் போனால் தானும் கூடப் போவதாக.

ஒன்டாரியோ செல்வி

நான் கனடா. அல்கான்குவின் பூங்காவில் இங்குள்ளவர்கள் கேன்வாஸ் டென்டுக்குள் விறகடுப்பு வைத்து, புகைபோக்கியை வெளியே விட்டுப் படுப்பார்கள். எடையைச் சறுக்குவண்டியில் இழுத்து வருவார்கள். மலை ஏறுகிறவர்களுக்கு அது ஆகாது, தெரியும். ஆனால் எடை எடை என்று பேசுகிற எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: கை.

மைனஸ் இருபதில் என் தோழி டென்டின் கொக்கிகளை மாட்டக் கையுறையைக் கழற்றினாள். சுண்டுவிரல் நகம் அளவுக் கொக்கி, தடித்த கையுறையோடு பிடிக்கவே முடியாது. கடைசிக் கொக்கி மாட்டும்போது இரண்டு விரல்நுனி வெள்ளையாக, மரத்துப்போய் இருந்தது. என் அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டு நின்றோம். உணர்வு திரும்பும்போது அவள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அதிலிருந்து நான் வாங்குவது கம்பியை உறைக்குள் நுழைத்தால் நிற்கிற வகை மட்டும்தான், உள்ளறையும் வெளித்துணியும் சேர்ந்தே எழும்ப வேண்டும். இருநூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை.

வாங்கும் முன் கடையிலேயே ஸ்கீ கையுறையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒரு கொக்கிக்காகக் கையுறையைக் கழற்ற வேண்டி வந்தாலும் அந்த டென்ட் வேண்டாம்.