ரெண்டு நிமிஷத்தில முப்பது அட்டை: இது விளையாட்டோ களவோ?

செப்புக்கம்பி (செவ்வாய், இரவு 8.12)

போன மாசம் வெள்ளவத்தையில நடந்த எங்கட ஹக்கர் கூடலில சேகரிப்பு விளையாட்டை நடத்தினது நான்தான். வராத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்லுறன். மண்டபத்தில 12 இடத்தில என்எஃப்சி ஸ்டிக்கர் (உள்ளுக்குப் போன் வாசிக்கிற குட்டிச் சிப்), பக்கத்தில கியூஆர். போனைக் கிட்டக் கொண்டுபோனா 30 அட்டையில ஏதோ ஒண்டு விழும். காகம், கபரகொய்யா, பேர வாவிக் கூழைக்கடா, சீலிங்குக்க ஓடுற மரநாய், நுளம்பு, இப்பிடி எல்லாம் கொழும்புச் சீவராசிகள். ஒரு ஸ்டிக்கரை மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் தொடலாம். ஒரே அட்டை ரெண்டு விழுந்தா மற்ற ஆக்களோட மாத்தலாம். வாசலில பெரிய திரை: ஆரிட்ட எத்தினை அட்டை, கடைசியா எந்த ஸ்டிக்கரைத் தொட்டவை, எத்தினை மணிக்கு.

9 மணிக்குத் தொடங்கினம். 10.40க்கு நான் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிமிர்ந்து பாக்கிறன், பூச்சியம் எண்ட பேருக்கு நேர 30/30. அதுக்குப் பிறகு அஞ்சு மணி மட்டும் தொடர்ந்து விளையாடினது ஒரு பத்துப் பேர் வரும். அவ்வளவுதான்.

அடுத்த முறை லிங்க் எல்லாத்துக்கும், போலி இல்லை எண்டு சேர்வர் சரிபாக்கிற டிஜிட்டல் கையொப்பம் போட்டு, ஏமாத்திறவையின்ர பேரை வெட்டிவிடுற யோசனை. என்ன சொல்லுறீங்கள்?

பூச்சியம் (இரவு 8.31)

ஏமாத்தின ஆள் ஆஜர்.

ஸ்டிக்கரைத் தொட்டா சேர்வர் ஒரு அட்டைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். எனக்கு வந்த பக்கத்தின்ர முகவரி 17 எண்டு முடிஞ்சுது. 18 எண்டு மாத்திப் பாத்தன். கூழைக்கடா வந்து என்ர கணக்கில குந்தியிட்டுது. பிறகு 1 இல இருந்து 30 மட்டும் ஒண்டொண்டா. பூட்டை உடைச்சனான் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை, அங்க கதவே இருக்கேல்ல. உடன தேத்தண்ணி மேசையடிக்கு வந்து உங்களிட்டயே சொன்னனான். "பிறகு பாப்பம்" எண்டனீங்கள்.

தண்டவாளம் (இரவு 9.05)

கெட்டித்தனம்தான். இனி மற்றப் பக்கத்தையும் கேள்.

என்ர தங்கச்சின்ர மகன், பதின்மூண்டு வயசு. தெரியாத ஆக்களிட்ட வாய் திறக்காத பெடியன். அண்டைக்கு ஒவ்வொருத்தரிட்டயும் போய் "உங்களிட்ட ரெண்டு காகம் இருக்கோ" எண்டு கேட்டுக் கேட்டு 16 அட்டை சேர்த்தவன். திரையில 30/30ஐப் பாத்தான். போனைப் பொக்கற்றுக்க வைச்சிட்டுக் கடைசி வரிசையில போய்க் குந்தியிட்டான். பிறகு எழும்பவே இல்லை.

2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை இதுக்க இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனா "கதவு இல்லாதபடியாத்தான் உள்ளட்டனான்" எண்ட கதையை வேற எங்கயும் போய்ச் சொல்லிப்போடாத தம்பி.

பூச்சியம் (இரவு 9.40)

பெடியனுக்கு உண்மையாவே சொறி. அதுக்காக, நான் இல்லாட்டி அவன் 30ஐ முடிச்சிருப்பான் எண்டும் நினைக்காதேங்கோ. கணக்கைப் பாருங்கோ.

30 அட்டையும் சமவாய்ப்பில விழுந்தா, எல்லாத்தையும் சேர்க்கச் சராசரியா 120 தரம் தொடவேணும். முதல் 15 அட்டை ஒரு 20 தரத்தில வந்திடும். மிச்சப் 15க்குத்தான் அந்த 100உம் போகுது. கடைசி ஒண்டுக்கு மட்டும் சராசரி 30 தரம். இனி மண்டபத்துக்கு வாங்கோ: 12 ஸ்டிக்கர், எட்டு மணித்தியாலம், மணிக்கு ஒருக்கா. மூச்சு விடாமல் ஓடினாலும் 96. அதிலயும் இரும்பு அலுமாரியில ஒட்டினது ஒருத்தற்ற போனிலயும் வேலை செய்யேல்ல, அப்ப 88. தனிய ஓடி முடிக்கேலாத விளையாட்டு. மாத்தினா முடிக்கலாம். ஆனா மாத்திற பட்டனுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரம் வைஃபையில நிக்கவேணும், பத்து மணிக்குப் பிறகு அண்டைக்கு வைஃபை ஒழுங்கா எங்க இருந்தது?

செப்புக்கம்பி (இரவு 9.52)

அலுமாரி என்ர பிழை. சாதாரண ஸ்டிக்கரை இரும்பில ஒட்டினா வாசிக்காது எண்டு தெரியும், அவசரத்தில மறந்துபோனன். 120 கணக்கு நான் போட்டுப் பாக்கேல்ல. ஒத்துக்கொள்ளுறன்.

கொட்டாஞ்சேனை ஆள் (இரவு 10.15)

நானும் ஒரு உண்மைய சொல்லிர்றேன். பகலுக்கு முந்தியே கியூஆர் போட்டோ எல்லாம் வட்ஸ்அப்ல சுத்திச்சி. நானும் லன்ச் பார்சல் பிரிச்சிக்கிட்டே நாலு அட்டை எடுத்தேன். பூச்சியத்த மட்டும் பிடிச்சி அடிக்கிறது நியாயமில்ல.

அதுக்காக கியூஆர தூக்கிறாதீங்க. என் போன்ல என்எஃப்சி கிடையாது. அன்னைக்கு வந்த கெம்பஸ் பிள்ளைங்க நெறைய பேரோட போன்லயும் இல்ல. பழைய ஐபோன்ல வேற சும்மா காட்டினா வாசிக்காது, ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர்ல இருந்துதான் சும்மா காட்டினாலே வாசிக்கும்.

என்னைக் கேட்டா கடதாசிதான் சரி. 96ல நாம வேர்ல்ட் கப் எடுத்த நேரம் ஸ்கூல்ல கிரிக்கெட் படம் சேர்த்தோம். ஒரு ஜயசூரியவுக்கு வேற மூணு படம் குடுக்கணும். எவன்கிட்ட இருக்குன்னு தேடிப் போய், அவன்கூட சண்டை பிடிச்சி, அவன் டிஃபன்ல பாதிய சாப்பிட்டுத்தான் கையில கிடைக்கும். அதுக்கு எந்த சேர்வர் இருந்திச்சி?

ஈயப்புகை (புதன், காலை 6.50)

எல்லாரும் 30/30ஐப் பற்றியே கதைக்கிறீங்கள். எனக்கு அண்டைக்குப் பயம் தந்தது வேற.

மூண்டு மணி இருக்கும். படிக்கட்டுக்குக் கீழ 9ஆம் ஸ்டிக்கரைத் தொட்டுப்போட்டு நிக்கிறன். முன்பின் தெரியாத ஒருத்தர் நேர வந்து என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இப்ப 9இல நிக்கிறீங்கள் எண்டு திரையில பாத்தன், மரநாய் மாத்துவீங்களோ?" நல்ல மனுசன்தான். மரநாயும் குடுத்தன். ஆனா அதுக்குப் பிறகு நான் ஒரு ஸ்டிக்கரையும் தொடேல்ல. நான் எத்தினை மணிக்கு எந்த மூலையில நிண்டனான் எண்டது முழு மண்டபத்துக்கும் தெரியுது. இதைக் கேட்டு ஒருத்தரும் என்னட்ட அனுமதி வாங்கேல்ல. எங்கட நாட்டில 2022இல 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டத்தை விடுங்கோ, இது மரியாதை.

ஜெர்மனியில 1981இல தொடங்கின கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் எண்ட ஹக்கர் சங்கத்தின்ர ஹக்கர் நெறியில ரெண்டு வரி இருக்கு. மற்றவரின்ர தரவுக்க குப்பை போடாதே. பொதுத் தரவைப் பயன்படுத்து, தனியார் தரவைக் காப்பாற்று. முதலாவது பூச்சியத்துக்கு. ரெண்டாவது செப்புக்கம்பிக்கு.

செப்புக்கம்பி (காலை 7.20)

அக்கா, இது என்ர மண்டையில ஓடவே இல்லை. "கடைசியாத் தொட்ட இடம்" எண்ட விபரத்தைத் திரை கலகலப்பா இருக்கட்டும் எண்டுதான் போட்டனான். ஆர் எப்ப எங்க தொட்டவை எண்டு பதிஞ்ச அந்த லொக் கோப்பு இப்பவும் சேர்வரில கிடக்குது. அழிச்சுப்போட்டு வாறன்.

செப்புக்கம்பி (காலை 7.26)

அழிச்சாச்சு.

தண்டவாளம் (காலை 8.10)

திரையே வேண்டாம் எண்டுறன். இடம் மட்டுமில்லை, எண்ணிக்கையும் வேண்டாம். முதலாவது ஆர் எண்டு காட்டினா முதலாவதா வரத்தான் பாப்பினம். திரை இல்லாட்டி பூச்சியத்துக்கும் 18 எண்டு மாத்திற எண்ணம் வந்திராது.

பூச்சியம் (காலை 8.44)

வந்திருக்கும் அண்ணை. 17 எண்டு ஒரு முகவரி கண்ணில பட்டா 18ஐப் பாக்காமல் எனக்கு நித்திரை வராது. ஆனா திரை இல்லாட்டி நான் 18ஓட நிப்பாட்டிப்போட்டு வந்து சொல்லியிருப்பன். அது உண்மை.

கையொப்பக் கதைக்கும் பதில் சொல்லுறன். எண்ணுக்குப் பதிலா 128 பிட் தற்செயல் சரம், அதாவது ஊகிக்கேலாத நீட்டு எழுத்துக்கோவை வைச்சாலே நான் செய்த வேலை சரிவராது. அதுக்கு மேல கையொப்பம் போட்டு மினக்கெடாதேங்கோ. என்டாக் 213 எண்ட சாதாரண என்எஃப்சி ஸ்டிக்கரில எங்களுக்கு உள்ள இடம் 144 பைட். 64 பைட் கையொப்பம் அதுக்க வடிவாக் கிடக்கும். அப்பிடியே இன்னொரு ஸ்டிக்கருக்குக் கொப்பி பண்ணினா அங்கயும் வடிவாக் கிடக்கும். தொடத் தொட மாறுற குறி வேணுமெண்டா என்டாக் 424 டிஎன்ஏ மாதிரி ஏஇஎஸ் மறைகுறியாக்கம் உள்ள சிப்புக்குப் போகவேணும். ஒரு நுளம்புப் படத்துக்கு இவ்வளவு காவலோ?

ஓட்டை கண்டுபிடிச்சு வந்து சொல்லுற ஆளுக்கு 31ஆவதா ஒரு அட்டை குடுங்கோ. அது போதும்.

தண்டவாளம் (காலை 9.02)

அப்ப எல்லாரும் ஓட்டைதான் தேடுவினம், ஒருத்தரும் ஒருத்தரோட கதைக்கமாட்டினம். எனக்குச் சம்மதமில்லை.

செப்புக்கம்பி (மாலை 6.35)

வேலை முடிஞ்சு 100ஆம் இலக்க பஸ்ஸில நிண்டுகொண்டு யோசிச்சனான். கொட்டாஞ்சேனை ஆள் சொன்ன மாதிரிக் கடதாசி. 30 படத்தையும் நான் கீறப்போறதில்லை. வாற ஒவ்வொருத்தரும் ஒரு சீவராசி கீறி, ஆறு பிரதி எடுத்துக்கொண்டு வாங்கோ. உங்கட அட்டையை உங்களிட்ட மட்டும்தான் வாங்கலாம். திரை இல்லை, லொக் இல்லை, லொகினும் இல்லை. ஸ்டிக்கர் 12உம் இருக்கட்டும், தொட்டா எந்தச் சீவராசியை எந்த அடையாளம் உள்ள ஆள் வைச்சிருக்கிறார் எண்டு ஒரு துப்பு மட்டும் வரும். அடையாளம் எண்டா தொப்பி, சேட்டு நிறம், அவையள் தாங்களாத் தாறது. 31ஆவது அட்டையை இப்போதைக்கு விடுவம்.

பூச்சியம் (இரவு 7.10)

எனக்கு இதில ஒரு கரைச்சல் இருக்கு. சொன்னாச் சிரிப்பீங்கள்.

அண்டைக்குக் காலமை என்னட்ட நாலு நுளம்பு இருந்தது. மாத்தினா முன்னேறலாம் எண்டு தெரியும். எழும்பிப் போய் ஒராளிட்ட "மாத்துவமோ" எண்டு கேக்கிறதுக்கு வாய் வரேல்ல. கதிரையில இருந்து எண் மாத்திறது சுகமா இருந்தது. இப்ப நீங்கள் கொண்டுவாற விதியில என்னை மாதிரி ஆக்களுக்கு ஒரு அட்டையும் கிடைக்காது.

ஈயப்புகை (இரவு 7.28)

இதில சிரிக்க என்ன இருக்கு. வாயாலதான் கேக்கவேணும் எண்டு ஆர் சொன்னது? ஈயம் ஒட்டிற மேசையில நாள் முழுக்க நான்தான் இருப்பன். அங்க ஒரு பிஸ்கட் டின் வைக்கிறன். உன்ர அட்டையைப் போட்டுட்டு இன்னொண்டை எடு. கதைக்க விருப்பமெண்டா கதை, இல்லாட்டிப் பேசாமல் ஒரு எல்ஈடியை ஒட்டிப்போட்டுப் போ.

கொட்டாஞ்சேனை ஆள் (இரவு 7.45)

டின்னுல ஒருத்தன் ஆறையும் அள்ளிட்டுப் போனா?

ஈயப்புகை (இரவு 7.47)

சூடான இரும்பு என்ர கையிலதான் இருக்கும்.

தண்டவாளம் (இரவு 9.15)

பெடியனிட்ட இதெல்லாம் வாசிச்சுக் காட்டினன். வாறானாம். கூழைக்கடா கீறப்போறானாம், இப்பவே ஏ4 தாள் நாலு போட்டுது. நுளம்பைப் பூச்சியம் அண்ணாவுக்கு விடச் சொன்னான், அவரிட்டத்தானே நாலு கிடந்தது எண்டு.

பூச்சியம் (இரவு 9.21)

சரி, நுளம்பு என்னுடையது. ஆறு பிரதி.

செப்புக்கம்பி (இரவு 9.30)

குறிச்சு வைச்சிட்டன். மரநாய் இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்ல. இரும்பில முட்டாமல் அலுமாரி ஸ்டிக்கருக்குப் பின்னால வைக்க ஆரிட்டயாவது ரெஜிபோம் துண்டு இருந்தாச் சொல்லுங்கோ.