பிசியோதெரபியோடு ஆக்குபேஷனல் தெரபியும் வேண்டுமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பிசியோதெரபியால் காலில் பலம் வந்து, கைத்தடி ஊன்றி நடக்கிறார். ஆனால் வலது கையால் தலை வாரவோ, பொத்தான் போடவோ முடியவில்லை. முன்போல் நடக்க முடியாததைவிட, ஒருவர் ஊட்டிவிட வேண்டியிருப்பதுதான் அவரை அழ வைக்கிறது.

மருத்துவர் ஆக்குபேஷனல் தெரபியும் பார்க்கச் சொன்னார். பெயரைக் கேட்டதும் வேலைக்குப் போகிறவர்களுக்கானது என்று நினைத்துவிட்டேன். அப்படியில்லையாம். பிசியோ தசை வலு, சமநிலை, நடை இவற்றைக் கவனிக்கும். ஆக்குபேஷனல் தெரபி குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும். தடித்த பிடியுள்ள கரண்டி, குளியலறைக் கைப்பிடி என்று வீட்டையும் அவருக்கேற்ப மாற்றச் சொல்வார்களாம்.

இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் மிகவும் களைத்துவிடுவாரா? அப்புறம், முதல் நாள் என்னென்ன கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.