தெரிந்தே கதவைத் திறக்கும் நாயகி: என் கதையில் விதி எங்கே பிசகியது?

சிம்மக்கல் கதைசொல்லி:
வணக்கம். மதுரையைக் களமாகக் கொண்டு அர்பன் ஃபேன்டசி, அதாவது இன்றைய நகரத்துக்குள் பேயும் மாயமும் புகும் வகை நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கும் வீதிகளையே கதையின் விதியாக்கிக்கொண்டேன். மாசி வீதிக்கு உள்ளே எந்தப் பேயும் வர இயலாது. அதற்கு வெளியே, வாசலில் கட்டிய எலுமிச்சையும் மிளகாயும் காயாதவரை வீட்டுக்குள் நுழையாது. தெற்குவாசலில் குடியிருக்கும் நாயகி பேய்களைக் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவள். முதல் அத்தியாயத்தில் ஒரே இரவில் மூன்றைக் கட்டுகிறாள். ஆனால் பதினோராம் அத்தியாயத்தில், காதலனின் குரலைக் கேட்டு நள்ளிரவில் கதவைத் திறந்துவிடுகிறாள். படித்த நண்பர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் எரிச்சலடைந்தார்கள். அவள் திறக்காவிட்டால் கதை நகராது. என்ன செய்வது?

தெப்பக்குளத்து வாசகி:
பேய்கள் குரல் மாற்றிக் கூப்பிடும் என்பது அவளுக்கு முன்பே தெரியுமா, தம்பி? தெரியும் என்றால், கதவைத் திறந்தது அவள் அல்ல, நீங்கள்.

வைகைக்கரையான்:
அக்கா சொன்னதையே சற்று விரித்துச் சொல்கிறேன். நம் ஊரை எரித்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், சிலம்பை உடைப்பதற்கு முன்பே தன்னுடையதில் இருப்பது மாணிக்கப்பரல் என்று கண்ணகி சொல்லிவிடுகிறாள். அரசனும் தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று ஒப்புக்கொள்கிறான். சோதனையின் விதி அவையறிய நிலைபெற்ற பிறகே மணி தெறிக்கிறது. அதனால் யாராலும் மறுக்க முடியவில்லை. அவள் மூட்டிய தீக்குக்கூட வரம்பு உண்டு: அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோர் பக்கமே சேர்க என்று ஆணையிடுகிறாள்.

அந்தக் கதையிலும் ஒருவர் அறிவிழந்து நடக்கிறார், அவர் பாண்டியன். ஆனால் இளங்கோ அதைச் சும்மா விடவில்லை. ஆடல் மகளிரைக் கண்டு அரசன் மயங்கியதாக அரசி ஊடிச் சென்றதையும், அவளைத் தணிக்க அவன் விரைந்துகொண்டிருந்தபோது பொற்கொல்லன் எதிர்ப்பட்டதையும் கொலைக்களக் காதையிலேயே காட்டிவிடுகிறார். விசாரிக்காமல் ஆணையிட்ட அந்த அவசரம் நமக்குக் கோபத்தை மூட்டுகிறதே தவிர, நம்ப முடியாததாகத் தோன்றுவதில்லை. அதற்கு அவன் உயிரையும் கொடுக்கிறான். உங்கள் நாயகியின் பிழைக்கு அப்படி ஒரு காரணம் பத்தாம் அத்தியாயத்துக்குள் விதைக்கப்பட்டிருக்கிறதா?

திருப்பரங்குன்றத்துக்காரி:
ஒரு மாற்றுக் கருத்து. நாயகன் தனியாகப் பேய்வீட்டுக்குள் புகுந்தால் துணிச்சல் என்கிறோம். நாயகி புகுந்தால் முட்டாள்தனம் என்கிறோம். எரிச்சலில் பாதி இந்தப் பாரபட்சத்தால் வருவது. ஆனாலும் மூன்று பேய்களைக் கட்டியவள் காதலன் வந்த பிறகு கைவிளக்கைக்கூடத் தவறவிடுகிறாள் என்று எழுதுவதை நானும் மன்னிக்கமாட்டேன். அச்சத்திலோ ஆசையிலோ மனிதர் தடுமாறுவது இயல்பு. கற்ற தொழிலையே மறந்துபோவது இயல்பல்ல. 1897-இல் வெளிவந்த 'டிராகுலா'வில், வீட்டார் ஒருவர் அழைத்தாலொழிய இரத்தக்காட்டேரி முதன்முறை உள்ளே நுழைய முடியாது. அந்த விதியின் அழகே, ஆபத்து மனித மனத்தின் வழியாக வரவேண்டியிருப்பதில்தான் இருக்கிறது. உங்கள் எலுமிச்சை விதியில் அவள் மனத்துக்கு வேலையே இல்லை.

சிம்மக்கல் கதைசொல்லி:
மூவருக்கும் நன்றி. இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு வாசலைப் போய்ப் பார்த்தேன். சென்ற சனிக்கிழமை கம்பியில் கோத்த எலுமிச்சை பழுப்பேறிச் சுருங்கிக் கிடக்கிறது. மிளகாயின் காம்பு மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது. நாயகியின் வாசலிலும் அப்படித்தான் இருக்கப்போகிறது: ஊருக்கெல்லாம் கட்டிக்கொடுப்பவள் தன் வீட்டுக்கு மாற்ற மறந்திருப்பாள். விடியும்வரை அது தாங்காது என்று கணக்கிடுவாள். குரல் போலி என்பதும் அவளுக்குத் தெரியும். உள்ளே தங்கையின் குழந்தை உறங்குகிறது. பேய் உள்ளே வருமுன், தான் வெளியே போய் அதை மாசி வீதிவரை இழுத்துச் செல்வதற்காகத்தான் கதவைத் திறப்பாள். குழந்தையை மூன்றாம் அத்தியாயத்திலேயே அந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இன்றிரவு அங்கிருந்து திருத்தத் தொடங்குகிறேன்.