"வென் தி லெவி பிரேக்ஸ்" யாரோட பாட்டு?

பழைய_ரெக்கார்டு:
நேத்து ஒருத்தர் இங்க "இங்கிலாந்து ராக் பேண்ட் லெட் செப்பலின் எழுதினதிலேயே பெஸ்ட் பாட்டு"ன்னு இந்தப் பாட்டப் போட்டிருந்தாரு. எழுதினதா? 1929லயே ப்ளூஸ் பாடகர் கான்சாஸ் ஜோ மெக்காயும் அவர் மனைவி மெம்ஃபிஸ் மின்னியும் கொலம்பியா கம்பெனிக்கு ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1927ல அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துக் கரை (அதான் லெவி) உடைஞ்சு ஊர் ஊரா மூழ்கிப்போச்சே, அந்த வெள்ளம்தான் பாட்டு. கிரீன்வில் பக்கம் கறுப்பின ஆளுங்கள துப்பாக்கி முனையில நிறுத்தி மண்மூட்டை அடுக்க வச்சாங்க, தண்ணி வந்தப்புறமும் கேம்ப்ப விட்டுப் போக விடல. இதெல்லாம் தெரியாம சும்மா தலையாட்டிட்டு இருக்கோம்.

படிக்கட்டு_டிரம்மர்:
அண்ணே, வெள்ளம் கதை தெரியும். ஆனா 1929 ரெக்கார்ட கேட்டுட்டுதான் பேசுறீங்களா? ரெண்டு கிட்டார், ஒரு குரல், அவ்ளோதான், டிரம்ஸே கிடையாது. 1971ல வந்த செப்பலின் பாட்டோட உயிரே அவங்க டிரம்மர் பான்ஹம் அடிதான். ஹெட்லி கிரேஞ்ச்னு இங்கிலாந்துல ஒரு பழைய பெரிய வீடு, அங்க ஹால்ல டிரம் செட்ட போட்டு, மாடிப்படில மேல இருந்து ரெண்டு மைக்க தொங்கவிட்டு சவுண்ட் இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் ரெக்கார்ட் பண்ணாரு, அதுக்கு மேல எக்கோ, அப்புறம் டேப்போட வேகத்தையும் குறைச்சு விட்டாங்க, அதான் சேத்துல யானை நடக்குற மாதிரி வருது. இத மின்னிகிட்ட இருந்து எடுத்தாங்கன்னு எப்படி சொல்றீங்க?

பழைய_ரெக்கார்டு:
வரி யாரோடது தம்பி? மழை நிக்கலன்னா கரை உடையும், அழுதாலும் வேண்டினாலும் பிரயோஜனம் இல்ல, எல்லாம் அங்க இருந்து வந்ததுதானே. சவுண்டு வேற, பாட்டு வேற.

சும்மா_வந்தவன்:
ஆனா செப்பலின் ஆல்பத்துலயே மெம்ஃபிஸ் மின்னி பேர் போட்டிருக்காங்களே, நாலு பேரோட அஞ்சாவதா. அப்புறம் என்ன சண்டை?

பழைய_ரெக்கார்டு:
கேட்டீங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. 1929ல பாடினது யாரு? ஜோ மெக்காய். மின்னி அதுல கிட்டார் மட்டும்தான். பாட்ட எழுதினதுல அவருக்கும் பங்கு உண்டு. அந்த மனுஷன் பேரையே காணோம். 1950லயே செத்துட்டாரு, கேக்க ஆள் இல்ல. செப்பலினுக்கு இது புதுசும் இல்ல, அவங்களோட இன்னொரு பாட்டு "ஹோல் லோட்டா லவ்"க்கு, என் பாட்டுல இருந்து எடுத்ததுன்னு ப்ளூஸ் பாடகர் வில்லி டிக்சன் 1985ல கேஸ் போட்ட அப்புறம்தான் பேர் சேத்தாங்க.

படிக்கட்டு_டிரம்மர்:
டிக்சன் மேட்டர்ல நீங்க சொல்றது சரி, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா இதையும் அதே கணக்குல எழுதாதீங்க. இங்க கேஸ் போடறதுக்கு முன்னாடியே பேர் போட்டாங்க. ஜோவ விட்டது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா இது வெறும் கவர் இல்ல, அடுத்தவங்க பாட்ட அப்படியே திருப்பி வாசிச்சது இல்ல. ஒரிஜினல் ஜோரா, கிட்டத்தட்ட துள்ளலா போகும், வெள்ளத்துப் பாட்டுன்னு சொன்னாதான் தெரியும். செப்பலின் கேட்டா தண்ணி ஏறுறது தெரியும்.

பழைய_ரெக்கார்டு:
துள்ளலா இருக்குன்னா சோகம் இல்லன்னு அர்த்தமா? எல்லாம் போச்சு, ஊர விட்டுக் கிளம்பறேன்னு அலட்டிக்காம சொல்றான் பாருங்க, எனக்கு அங்கதான் குலை நடுங்குது. ஏழு நிமிஷம் இடி இடிச்சாதான் புரியும்னா நம்ம காதுலதான் கோளாறு.

சும்மா_வந்தவன்:
பான்ஹம் அடிய 1986ல அமெரிக்க ராப் குழு பீஸ்டி பாய்ஸ் அப்படியே தூக்கி அவங்க முதல் ஆல்பத்தோட முதல் பாட்டுல போட்டாங்க. அது யாரோட பாட்டுன்னு இப்ப ரெண்டு பேரும் சண்டை போடுங்க 😄

படிக்கட்டு_டிரம்மர்:
அடப்பாவி. அது டிரம்ஸ்பா, அது பான்ஹமோடது!

பழைய_ரெக்கார்டு:
ஓ, அதுக்கு மட்டும் சொந்தக்காரர் உண்டா? சரி சரி. இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணு கேளுங்க, 1929 முதல்ல.

படிக்கட்டு_டிரம்மர்:
கேக்கறேண்ணே. சவுண்ட கொஞ்சம் ஏத்தி வைக்கணும், அதுல கீறல் சத்தம்தான் ஜாஸ்தி.