16 மணி நேர விமானம், இரண்டு வாண்டுகள்: யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிறேன். கணவர் அங்கேதான் இருக்கிறார். துபாய் வரை நாலு மணி நேரம், விடியற்காலை விமானம் என்பதால் தூங்கியே ஓட்டிவிடலாம். பயமெல்லாம் அதற்கப்புறம் வரும் 16 மணி நேரத்தை நினைத்துத்தான்.

பெரியவளுக்கு 6 வயது. கதைப் புத்தகமும் கலர் பென்சிலும் இருந்தால் போதும். சின்னவனுக்கு இரண்டரை. முன்சீட்டை உதைப்பான், சாப்பாட்டுப் பலகையை மடக்கி மடக்கித் திறப்பான். விமானத்தில் தரும் ஹெட்ஃபோன் அவன் தலையில் நிற்காது. சின்ன சைஸில் வாங்கிக்கொண்டு போனால் சீட் திரையில் செருக முடியுமா? சில விமானங்களில் இரண்டு முள் பிளக் என்கிறார்களே.

ஸ்டிக்கர் புத்தகம், எழுதி அழிக்கும் காந்தப் பலகை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. விளையாட்டுக் களிமண் வேண்டாம், சீட் இடுக்கில் போனால் யார் தோண்டுவது! எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றி, மணிக்கு ஒன்றாகப் பிரிக்கக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம், இறங்கும்போது காது வலிக்காமல் இருக்க எதையாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், சரி. தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தண்ணீர் கொடுப்பதா, அப்படியே விட்டுவிடுவதா? தூக்க மருந்து கொடுக்கச் சொல்லும் அக்காக்கள் மன்னிக்கவும், அது மட்டும் வேண்டாம்.