லாங்கே குன்றுகளுக்குக் கார் இல்லாமல் போக முடியுமா?

நண்பர்களே, அக்டோபரில் நானும் மனைவியும் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் உள்ள லாங்கே குன்றுகளுக்குப் போகிறோம். டூரினிலிருந்து ஆல்பா வரை ரயில் இருக்கிறது. அதற்கு மேல்தான் சிக்கல், இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது. பரோலோ, லா மோரா போன்ற ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடுமா? இல்லை, டாக்ஸிக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டுமா?

லா மோராவிலிருந்து பரோலோவுக்குத் திராட்சைத் தோட்டங்கள் வழியாகவே நடந்து இறங்கலாம். அதை மட்டும் விடக்கூடாது என்று இருக்கிறேன். பரோலோ ஒயினுக்கான நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் திராட்சை. பெரும்பாலும் அக்டோபரில்தான் பறிப்பார்கள். அந்த வேலை நெருக்கடியில் சிறிய தோட்டக்காரர்கள் வெளியாட்களை உள்ளே விடுவார்களா? பரோலோ ஒயினைக் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், வைத்திருந்த பிறகே விற்கலாம் என்பது விதி. அந்தப் பீப்பாய் அறையைப் பொறுமையாகச் சுற்றிக்காட்டும் குடும்பத் தோட்டம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். பெரிய கம்பெனிகள் வேண்டாம்.

அப்புறம், மனைவி சுத்த சைவம். அந்த ஊர் அக்னோலோட்டி என்ற பூரணம் வைத்த பாஸ்தாவுக்குள் பெரும்பாலும் இறைச்சிதான் இருக்கும். வெண்ணெய் போட்ட தாயரின் (மெல்லிய நாடா போன்ற பாஸ்தா) தவிர வேறு என்ன கேட்டு வாங்கலாம்? வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளான்) சந்தை ஆல்பாவில் நடக்கும் சமயம் என்பதால் அங்கேயே தங்குவதா, கிராமத்திலா என்பதையும் போய் வந்தவர்கள் சொன்னால் உடனே அறை பதிவு செய்துவிடுவேன்.